காட்டைக் கூடிப் பராமரித்தால் தீச்செலவு குறையுமா? வட அரிசோனாவை முன்வைத்து ஒரு பதில்

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காட்டுத்தீயை அணைக்க ஆகும் செலவு ஏறிக்கொண்டே போகிறது. அதே மாநிலங்களில் வனத்துறையும், மர ஆலைக்காரர்களும், சூழல் அமைப்புகளும், உள்ளாட்சிகளும், பழங்குடி அரசுகளும் கூடிப் பேசிக் காட்டைப் பராமரிக்கும் கூட்டு மேலாண்மை முறையும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. அந்த முறை இந்தச் செலவைக் குறைக்கிறதா என்பதே கேள்வி. தீயணைப்புக்கென்று அரசு எழுதும் காசோலையை அது குறைக்கும் என்று எதிர்பார்ப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். தீ அடங்கிய பிறகு வெள்ளமாகவும் வண்டலாகவும், கெட்டுப்போன குடிநீராகவும் வந்து சேரும் இழப்பை அது குறைக்கிறது. அந்த இழப்புதான் அணைப்புச் செலவைவிடப் பெரியது. ஆனால் கூட்டத்தில் எட்டப்படும் உடன்பாடு காட்டில் வேலையாக மாறுவதற்கு இடையில் நீண்ட தூரம் இருக்கிறது என்பதும், அந்தத் தூரத்தைக் கடக்கத் தேவையான பணமும் சந்தையும் ஆட்களும் போதிய அளவில் ஏற்படுத்தப்படவில்லை என்பதும் என் கருத்து. இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 1985-இல் அமெரிக்கக் கூட்டரசின் துறைகள் எல்லாம் சேர்ந்து காட்டுத்தீயை அணைக்கச் செலவிட்டது ஏறத்தாழ 24 கோடி டாலர். 2000-இல் அது முதன்முறையாக 100 கோடியைத் தாண்டியது. 2021-இல் சுமார் 439 கோடியாக இருந்தது. இவை பணவீக்கத்தைக் கழிக்காத எண்கள்தாம். கழித்துப் பார்த்தாலும் ஏற்றம் பெரிதுதான். இதைவிடக் கவலை தருவது, அந்தச் செலவு வனத்துறையையே உள்ளிருந்து மாற்றிவிட்ட விதம். 1995-இல் அமெரிக்க வனத்துறையின் ஆண்டு நிதியில் தீ தொடர்பான பணிகளுக்குப் போனது 16 விழுக்காடு. 2015-இல் அது பாதியைத் தாண்டிவிட்டது. 1998-க்கும் 2015-க்கும் இடையில் தீயணைப்புப் பணியாளர் எண்ணிக்கை இரு மடங்குக்கு மேலாக, மற்றப் பணியாளர் எண்ணிக்கை ஏறக்குறைய நாற்பது விழுக்காடு சரிந்தது. காட்டுயிர் அறிஞர், மண்ணியலாளர், நீரியலாளர், மரங்களைக் குறியிடுபவர், ஒப்பந்தங்களை எழுதுபவர் ஆகியோர் குறைந்தார்கள். அடுத்த தீ வராமல் காட்டைத் தயார்செய்ய வேண்டியவர்கள் இவர்களே.

இதன் உச்சம், துறைக்குள் ‘தீக்கடன்’ என்று வழங்கிய பழக்கம். அணைப்புக்கான ஒதுக்கீடு முந்தைய பத்து ஆண்டுகளின் சராசரிச் செலவை வைத்துக் கணக்கிடப்பட்டது. செலவு ஏறுமுகத்தில் இருக்கும்போது பின்னோக்கிப் பார்க்கும் சராசரி எப்போதும் போதாமல்தான் இருக்கும். ஆகவே கோடையின் நடுவில் பணம் தீர்ந்ததும் மற்றத் திட்டங்களின் நிதி எடுத்துக்கொள்ளப்பட்டது. எடுக்கப்பட்டவற்றுள் தீயைத் தடுக்கும் முன்பணிகளுக்கான நிதியும் அடங்கும். 2017-இல் வனத்துறை மட்டுமே அணைப்புக்கு 240 கோடி டாலருக்கு மேல் செலவிட்ட பிறகுதான் நாடாளுமன்றம் அசைந்தது. 2018 மார்ச்சில் நிறைவேறிய நிதிச் சட்டம், வழக்கமான ஒதுக்கீட்டை 2015-ஆம் ஆண்டு அளவில் நிறுத்தி, மிகுதிச் செலவுக்கென 2020-இல் 225 கோடியில் தொடங்கி 2027-இல் 295 கோடியை எட்டும் தனி நிதியொன்றை ஏற்படுத்தியது. இந்தத் திருத்தம் கடன் வாங்கும் பழக்கத்தை நிறுத்தியது. செலவு ஏறுவதை நிறுத்தவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது இந்தப் பேச்சில் அடிக்கடி நேரும் குழப்பம்.

செலவு ஏன் ஏறுகிறது என்பதற்கு வேர் நூறாண்டுகளுக்கு முன் இருக்கிறது. 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களில் இரண்டே நாட்களில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்து, தீயணைக்கச் சென்றவர்கள் உட்பட எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொடங்கி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த வனத்துறையின் சிந்தனையை அந்தத் துயரம் பல தலைமுறைகளுக்கு உறையவைத்துவிட்டது. 1935-இல் வந்த விதி, எந்தத் தீயும் கண்ணில் பட்ட மறுநாள் காலை பத்து மணிக்குள் கட்டுக்குள் வர வேண்டும் என்றது. 1970-களில் அந்த விதி கைவிடப்பட்டபோது, நாற்பது ஆண்டு எரியாத சருகும் குச்சியும் இளமரமும் காட்டில் சேர்ந்திருந்தன.

வட அரிசோனாவின் பாண்டரோசா பைன் காடுகளில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். அம்மரங்களின் ஆண்டு வளையங்களில் பதிந்துள்ள தீவடுக்களைப் படித்தால், ஒரே இடம் இரண்டு முதல் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிந்துவந்தது தெரிகிறது. அந்தத் தீ புல்லையும் சருகையும் கன்றுகளையும் தின்றுகொண்டு தரையோடு நகர்ந்து போகும். தடித்த பட்டையுள்ள முதுமரங்கள் அதைத் தாங்கி நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆடுமாடுகளைப் பெருங்கூட்டமாக மேயவிட்டதில் தீயைச் சுமந்து செல்லும் புல் போயிற்று. பிறகு அணைப்புக் கொள்கை வந்தது. 1919-இல் விதையும் மழையும் ஒருங்கே வாய்த்து கோடிக்கணக்கான கன்றுகள் முளைத்தபோது, அவற்றைக் கலைத்துவிட ஒரு சிறு தீகூட வரவில்லை. ஏக்கருக்குச் சில பத்து மரங்கள் இருந்த இடத்தில் இன்று பல நூறு மெலிந்த மரங்கள் நிற்கின்றன. இந்த நெருக்கத்தில் தரைத் தீ, தாழ்ந்த கிளைகளைப் பற்றி மேலேறி உச்சித் தீயாகிறது. உச்சித் தீயில் முதுமரங்களும் சாகின்றன.

இந்தத் தேக்கத்தின்மேல் வெப்பம் வந்து சேர்ந்தது. 1984-க்குப் பிறகு மேற்கு அமெரிக்கக் காடுகளில் எரிந்த பரப்பை மனிதச் செயலால் நேர்ந்த வெப்பமாதல் ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது என்பது அறிவியலாளர்களின் மதிப்பீடு. போதாதற்குக் காட்டின் விளிம்பிலும் உள்ளேயும் வீடுகள் பெருகின. ஆளில்லாத மலையில் எரியும் தீயைக் கண்காணித்தபடி விட்டுவிடலாம். நூறு வீடுகள் இருக்கும் மலையில் விமானமும் ஹெலிகாப்டரும் ஆயிரம் ஆட்களும் வேண்டும். அணைப்புச் செலவின் ஏற்றத்தில் பெரும்பங்கு இங்கேதான் பிறக்கிறது. இதைக் காட்டு மேலாண்மையால் மட்டும் சரிசெய்ய முடியாது. எங்கே வீடு கட்டலாம், கூரையை எதனால் வேய வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் வனத்துறையிடம் இல்லை, மாவட்ட நிர்வாகங்களிடமும் நகராட்சிகளிடமும் இருக்கிறது.

காட்டின் நெருக்கத்தைக் குறைக்க வேண்டும் என்று தெரிந்த பிறகும் ஏன் குறைக்கவில்லை என்று கேட்கலாம். காரணம் அவநம்பிக்கை. பல பத்தாண்டுகளாக ‘மேலாண்மை’ என்ற பெயரில் முதுமரங்களை வெட்டி விற்ற துறை அது. 1990-இல் வடபகுதிப் புள்ளி ஆந்தை அழியும் நிலையிலுள்ள இனங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, வழக்குகளால் வெட்டு நின்றபோது, வடமேற்கில் மர ஆலைகள் மூடின, ஊர்கள் பிளவுபட்டன. அதன் பிறகு வனத்துறை எந்த மரத்தை வெட்டுவதாக அறிவித்தாலும், அது காட்டைச் செப்பனிடவா, ஆலைக்கு மரம் கொடுக்கவா என்ற ஐயம் எழுந்தது. அந்த ஐயத்துக்கு நியாயமும் இருந்தது. ஐயம் நீதிமன்றத்துக்குப் போனது, ஆண்டுகள் கழிந்தன.

இந்த முட்டுக்கட்டையிலிருந்துதான் கூட்டு மேலாண்மை பிறந்தது, அதுவும் அரசாணையால் அல்லாமல் ஊர்க்காரர்களால். 1993-இல் கலிஃபோர்னியாவின் குவின்சி என்ற சிற்றூரில் ஒரு சூழல் வழக்கறிஞரும், ஒரு மர நிறுவன வனவியலாளரும், ஒரு மாவட்ட ஆட்சிக்குழு உறுப்பினரும் மற்றவர்களுமாக ஊர் நூலகத்தில் கூடிப் பேசத் தொடங்கினார்கள். நூலகத்தில் யாரும் கத்த முடியாது என்பதால் அந்த இடத்தைத் தேர்ந்ததாகச் சொல்வார்கள். அவர்களுடைய திட்டம் 1998-இல் தனிச் சட்டமாகவே ஆயிற்று. தேசிய அளவிலான சூழல் அமைப்புகள் அதைக் கடுமையாக எதிர்த்தன, வழக்குகளும் தொடர்ந்தன, திட்டமிட்டதில் பெரும்பகுதி நடக்கவில்லை. 2021-இல் டிக்ஸி தீ 9,60,000 ஏக்கருக்கு மேல் எரித்தபோது குவின்சி இருக்கும் அதே பிளூமஸ் மாவட்டத்தின் கிரீன்வில் ஊர் சாம்பலாயிற்று. பேச்சு தோற்றது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. நான் அப்படிக் கருதவில்லை. மேசையில் இருந்தவர்கள் உடன்பட்டார்கள். மேசைக்கு வெளியே இருந்தவர்களை அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்து வந்தவர்கள் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள்.

2009 மார்ச் 30 அன்று கையெழுத்தான பொதுநிலச் சட்டத்தின் ஒரு பகுதியாகக் கூட்டு வன நிலப்பரப்பு மீட்புத் திட்டம் உருவானது. அதன் விதிகளைக் கவனித்தால் முந்தைய சண்டைகளின் தழும்புகள் தெரியும். குறைந்தது 50,000 ஏக்கர் பரப்பை ஒரே நிலப்பரப்பாகக் கொள்ள வேண்டும். பத்தாண்டுத் திட்டமாக இருக்க வேண்டும். முரண்பட்ட நலன்கள் உள்ள பல தரப்பினர் சேர்ந்து, வெளிப்படையான முறையில் உருவாக்கியிருக்க வேண்டும். முதுகாடுகளைக் காக்க வேண்டும். நிரந்தரச் சாலை புதிதாகப் போடக் கூடாது. வேலை தொடங்கியதிலிருந்து குறைந்தது பதினைந்து ஆண்டுகள் பல தரப்பினரும் கூடி விளைவுகளைக் கண்காணிக்க வேண்டும். ஆண்டுக்கு 4 கோடி டாலர் வரை ஒதுக்கலாம் என்றிருந்த வரம்பு, 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தில் 8 கோடியாக உயர்ந்தது. தேசிய வனநிலத்தில் நடக்கும் பணியின் செலவில் பாதிவரைதான் இந்த நிதி தரும்; மீதியைத் துறையின் வேறு நிதிகளிலிருந்தும் கூட்டாளிகளிடமிருந்தும் திரட்ட வேண்டும். முதல் சுற்றுகளில் 23 நிலப்பரப்புகள் சேர்ந்தன. மொத்தத் தேசிய வனப்பரப்பு 19.3 கோடி ஏக்கர் என்பதையும், ஒரே ஆண்டின் அணைப்புச் செலவு நூற்றுக்கணக்கான கோடி டாலர் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இந்த ஒதுக்கீடு எவ்வளவு சிறிது என்பது விளங்கும்.

அந்த 23-இல் மிகப் பெரியது வட அரிசோனாவின் ‘நான்கு காடுகள்’ திட்டம். கைபாப், கோகோனினோ, அப்பாச்சி-சிட்கிரீவ்ஸ், டோன்டோ ஆகிய நான்கு தேசிய வனங்களில் பரந்துள்ள 24 லட்சம் ஏக்கர் பாண்டரோசா காட்டைச் செப்பனிடுவது அதன் நோக்கம். முப்பதுக்கும் மேற்பட்ட தரப்பினர் சேர்ந்த அந்தக் குழுவில், முன்பு வனத்துறையை நீதிமன்றத்துக்கு இழுத்த அமைப்புகளும் இருந்தன. அவர்களை உட்காரவைத்தது அச்சம். 2002-இல் ரோடியோ-செடிஸ்கி தீ அரிசோனாவில் 4,68,000 ஏக்கரை எரித்தபோது, இந்தக் காடு இப்படியே நின்றால் காப்பாற்ற எதுவும் மிஞ்சாது என்று ஆலைக்காரருக்கும் ஆந்தையைக் காப்பவருக்கும் ஒருசேரப் புரிந்தது.

அவர்கள் எதைப் பற்றி ஆண்டுக்கணக்கில் வாதிட்டார்கள் என்பதைச் சொல்லாமல் இந்த முறையின் மதிப்பை விளக்க முடியாது. மரத்தின் விட்டம்தான் முதல் சிக்கல். 16 அங்குலத்துக்கு மேற்பட்ட மரத்தைத் தொடவே கூடாது என்றார்கள் சிலர். வயதால் முதுமரம் அல்லாத, ஆனால் நல்ல மண்ணில் வேகமாகப் பருத்துவிட்ட மரமும் உண்டு, புல்வெளி மீள வேண்டிய இடத்தில் அதை நீக்க வேண்டியிருக்கும் என்றார்கள் வனவியலாளர்கள். முதுமரத்தைத் தொடுவதில்லை, பெரிய மரத்தை எழுதிவைத்த விதிவிலக்குகளின்படியன்றி வெட்டுவதில்லை என்ற இணக்கத்துக்கு வர நீண்ட காலமானது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வீண் இழுபறியாகத் தோன்றும். ஆனால் அந்த இழுபறியின் பயனாக, 2015-இல் கையெழுத்தான முதல் பெரிய முடிவு ஏறத்தாழ 5,86,000 ஏக்கரை ஒரே ஆய்வில் அடக்கியது; முன்பு சில ஆயிரம் ஏக்கருக்கே வழக்கு நடந்த ஊர் அது. பேச்சில் செலவான காலம் நீதிமன்றத்தில் மிச்சமாயிற்று என்று நான் துணிந்து சொல்வேன்.

இனி, செப்பனிட்ட காடு தீயின் முன் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பார்ப்போம். ரோடியோ-செடிஸ்கி தீயின் பெரும்பகுதி வைட் மவுண்டன் அப்பாச்சி மக்களின் நிலத்தில் எரிந்தது. அங்கே இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்தே, மற்ற இடங்களில் அது தடைபோல் இருந்த காலத்திலேயே, திட்டமிட்டுத் தீ வைக்கும் பழக்கம் இருந்தது. அப்படி எரித்தும், நெருங்கி நின்ற மரங்களை வெட்டிக் கலைத்தும் வந்த பகுதிகளில் தீயின் கடுமை குறைவாக இருந்ததை ஆய்வுகள் காட்டின. 2011-இல் வாலோ தீ 5,38,000 ஏக்கரை எரித்து மாநிலத்தின் மிகப் பெரிய தீயானபோது, 2004-இல் தொடங்கிய நீண்டகால ஒப்பந்தத்தின்கீழ் ஆல்பைன், நியூட்ரியோசோ ஊர்களைச் சுற்றி மரங்கள் கலைக்கப்பட்டிருந்தன. உச்சியில் பாய்ந்து வந்த தீ அந்தப் பகுதிக்குள் நுழைந்ததும் தரைக்கு இறங்கியது. தீயணைப்பாளர்கள் நின்று வேலை செய்ய இடம் கிடைத்தது. 2021-இல் ஓரிகனின் பூட்லெக் தீயில், கிளாமத் பழங்குடியினரும் ஒரு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து பணி செய்த சைக்கன் சதுப்பு நிலப்பகுதியில், மரங்களைக் கலைத்துப் பின் எரிக்கவும் செய்த இடங்கள் மிகக் குறைந்த சேதத்துடன் தப்பின. கலைத்துவிட்டு எரிக்காமல் விட்ட இடங்களில் சேதம் கூடுதலாக இருந்தது. வெட்டுவது மட்டுமே போதும் என்று சொல்பவர்களுக்கு இது முக்கியமான செய்தி: வெட்டிய கிளைகளும் சருகும் தரையில் கிடக்கும்வரை வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

அப்படியானால் அணைப்புச் செலவு ஏன் குறையவில்லை? இதற்கு இரண்டு காரணங்கள். குறிப்பிட்ட ஒரு நிலத்துண்டில் குறிப்பிட்ட ஓர் ஆண்டில் தீ வருவதற்கான வாய்ப்பு மிகச் சிறிது. செப்பனிட்ட காட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் மீண்டும் நெருக்கம் சேரத் தொடங்கிவிடும். அதற்குள் தீ அங்கே வரவில்லை என்றால் அந்தச் செலவு கணக்கில் பயன் காட்டாது. தீ வந்தாலும், அருகில் வீடு இருந்தால் அணைப்புக்கான ஆட்களும் விமானங்களும் வரத்தான் செய்யும். ஆகவே ஒரு ஏக்கரைச் செப்பனிட இவ்வளவு செலவு, அதனால் அணைப்பில் இவ்வளவு மிச்சம் என்று தராசில் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் நஷ்டமே தெரியும். தராசில் மற்றொரு பொருளையும் வைக்க வேண்டும்.

அது என்ன என்பதை ஃபிளாக்ஸ்டாஃப் நகரம் விலை கொடுத்துக் கற்றது. 2010 ஜூன் 20 அன்று, யாரோ அணைக்காமல் விட்டுச்சென்ற முகாம் நெருப்பிலிருந்து எழுந்த ஷுல்ட்ஸ் தீ, நகரை அடுத்த மலைச்சரிவில் சுமார் 15,000 ஏக்கரை எரித்தது. மேற்கின் அளவுகோலில் அது சிறிய தீ. ஒரு வீடுகூட எரியவில்லை. அடுத்த மாதம், ஜூலையில், பருவமழை வந்தது. வேர்ப்பிடிப்பை இழந்து, தண்ணீரை உள்ளே விடாதபடி இறுகிப்போன மண்ணிலிருந்து வெள்ளம் சேறும் கல்லுமாகக் கீழேயிருந்த குடியிருப்புகளுக்குள் பாய்ந்தது. பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தாள். வடக்கு அரிசோனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிறகு முழு இழப்பையும் கணக்கிட்டார்கள். வெள்ளத் தடுப்புக் கட்டுமானம், சாலை, நகரின் குடிநீர்க் குழாய், வீட்டு மதிப்பின் வீழ்ச்சி, வீட்டாரின் சுத்திகரிப்புச் செலவு என எல்லாம் சேர்ந்து 13.3 கோடி முதல் 14.7 கோடி டாலர் வரை வந்தது. தீயை அணைக்க ஆனது அதில் ஒரு சிறு பங்கே. செய்தித்தாள்களிலும் அரசு அறிக்கைகளிலும் ‘காட்டுத்தீச் செலவு’ என்று வருவது பெரும்பாலும் இந்தச் சிறு பங்கு மட்டுந்தான். மீதியை ஏற்பவர்கள் உள்ளூர் வரிசெலுத்துவோரும் வீட்டுக்காரர்களும். அது எந்த ஒரு துறையின் பேரேட்டிலும் முழுமையாக ஏறுவதில்லை.

இந்தக் கணக்கு தெரிந்த பிறகு அந்த நகரம் செய்தது எனக்கு மிகுந்த மதிப்பை உண்டாக்குகிறது. 2012 நவம்பரில், தன்னுடையதல்லாத நிலத்தை, அதாவது கூட்டரசின் தேசிய வனத்தைச் செப்பனிட, ஒரு கோடி டாலர் கடன் பத்திரம் வெளியிடலாமா என்று மக்களிடம் கேட்டது. ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் சரி என்று வாக்களித்தார்கள். நகர மையத்துக்கு மேலே உள்ள டிரை லேக் குன்றுகளையும், குடிநீர் ஏரிக்கு நீர் தரும் மார்மன் மலையையும் அந்தப் பணம் குறிவைத்தது. சரிவு மிகுந்த இடங்களில் மரத்தைக் கம்பிவடத்தாலும் ஹெலிகாப்டராலும் இறக்க வேண்டியிருந்தது. விற்கும் மரத்தின் விலை ஒருநாளும் அந்தச் செலவை ஈடுகட்டாது. ஆனால் தவிர்க்கப்படும் வெள்ளத்தின் விலை ஈடுகட்டும் என்று நகரம் முடிவு செய்தது.

கொலராடோவில் டென்வர் குடிநீர் வாரியமும் இதே முடிவுக்கு வேறு வழியாக வந்தது. 1996-இல் பஃபலோ கிரீக் தீ, 2002-இல் ஹேமன் தீ ஆகிய இரண்டுக்கும் பிறகு ஸ்ட்ரான்ஷியா ஸ்பிரிங்ஸ் நீர்த்தேக்கத்தில் வண்டல் மூடியது. அதைத் தூர்வாரவும் நீரைச் சீர்செய்யவும் வாரியம் 2.7 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. அதன் பிறகு 2010-இல் வனத்துறையோடு சேர்ந்து ஆளுக்குப் பாதியாக 3.3 கோடி டாலரை நீர்ப்பிடிப்புக் காடுகளில் முன்கூட்டியே செலவிட ஒப்புக்கொண்டது. கலிஃபோர்னியாவின் யூபா ஆற்றுப் பகுதியில் 2018-இல் தனியார் முதலீட்டையே கொண்டுவந்தார்கள்: முதலீட்டாளர்கள் 40 லட்சம் டாலர் தந்து டாஹோ தேசிய வனத்தில் 15,000 ஏக்கர் வேலையை உடனே தொடங்கவைக்க, பயன்பெறும் குடிநீர் முகமையும் மாநில அரசும் பின்னர்த் திருப்பிச் செலுத்தும் ஏற்பாடு அது. கூட்டு மேலாண்மையின் மிகப் பயனுள்ள வளர்ச்சி இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்: இழப்பைச் சுமக்கப்போகிறவர், அதைத் தவிர்க்கும் செலவிலும் பங்கேற்கிறார்.

இவ்வளவு இருந்தும் வேலை ஏன் மெதுவாக நடக்கிறது? நான்கு காடுகள் திட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 50,000 ஏக்கர் இயந்திரத்தால் கலைக்க வேண்டும் என்பது தொடக்க இலக்கு. நடந்தது அதற்கு வெகு கீழே. தடை உடன்பாட்டில் இல்லை, மரத்தில் இருந்தது. வெட்டப்படுபவை மெலிந்த மரங்கள். அவற்றை வாங்க ஆலை இல்லை. வெட்டியதில் ஏறக்குறைய பாதி, கிளையும் நுனியுமாகப் பலகைக்கு ஆகாத திரள். அதை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் அந்தப் பெரும்பரப்புக்கு ஸ்னோஃப்ளேக் ஊரருகே ஒன்றுதான் இருந்தது. 2012-இல் மூன்று லட்சம் ஏக்கருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் ஆலை கட்ட முதல் திரட்ட முடியாமல் அடுத்த ஆண்டே ஒப்பந்தத்தை வேறொன்றுக்குக் கைமாற்றியது. அதுவும் எதிர்பார்த்த வேகத்தைத் தொடவில்லை. இருபதாண்டு அளவிலான இரண்டாவது பெரிய ஒப்பந்தத்துக்கான முயற்சியை 2021 செப்டம்பரில் வனத்துறை ரத்து செய்தது. தொழில் நடத்துபவர் இருபதாண்டுக்கு மரம் வரும் என்ற உறுதி கேட்கிறார். ஆண்டுக்காண்டு நிதி பெறும் துறையால் அந்த உறுதியைத் தர முடிவதில்லை. ஒப்பந்தம் முறிந்தால் யார் இழப்பை ஏற்பது, சாலைகளை யார் பராமரிப்பது, கழிவுத் திரளை யார் அகற்றுவது என்ற கேள்விகளில் பேச்சு நின்றுவிடுகிறது. மரம் விற்ற பணத்திலேயே காட்டைச் செப்பனிட்டுவிடலாம் என்ற நம்பிக்கை அரிசோனாவில் பொய்த்துவிட்டது. இதை ஒரு பொதுச் செலவாக, சாக்கடை வடிகாலைப் பராமரிப்பதுபோல, ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தப் பணியே தீங்கு செய்ததும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. 2019 ஜூலையில் ஃபிளாக்ஸ்டாஃபின் டிரை லேக் குன்றுகளில், மேலே சொன்ன அதே நகரத் திட்டத்துக்காக வேலை செய்த இயந்திரம் பாறையில் உரசி எழுந்த பொறியிலிருந்துதான் மியூசியம் தீ பிறந்தது. சுமார் 2,000 ஏக்கர் எரிந்தது. 2021-இல் அந்தத் தழும்பிலிருந்து இறங்கிய வெள்ளம், தவிர்க்க நினைத்த அதே வகை வெள்ளம், சன்னிசைடு குடியிருப்பில் புகுந்தது. நியூ மெக்சிகோவில் நடந்தது இதைவிடப் பெரிது. 2022 ஏப்ரல் 6 அன்று லாஸ் வேகாஸ் என்ற சிறுநகரின் நீர்ப்பிடிப்பைக் காக்க வனத்துறை வைத்த திட்டமிட்ட தீ கைமீறியது. ஜனவரியில் குவித்து எரித்த கிளைகளில் பனிக்கடியில் கனன்றுகொண்டிருந்த மற்றொரு நெருப்பும் அதனுடன் சேர்ந்து, 3,41,000 ஏக்கரை எரித்து மாநில வரலாற்றின் மிகப் பெரிய தீயானது. பல தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்களின் நூற்றுக்கணக்கான வீடுகள் போயின; காக்க நினைத்த குடிநீரே சாம்பலால் கெட்டது. 2022-இல் நாடாளுமன்றம் ஒதுக்கிய இழப்பீடு 395 கோடி டாலர். வனத்துறைத் தலைவர் நாடு முழுவதும் தொண்ணூறு நாட்களுக்குத் திட்டமிட்ட எரிப்பை நிறுத்திவைத்தார்.

இதைக் கண்டு எரிப்பையே கைவிட வேண்டும் என்றால், பூட்லெக் காட்டிய பாதி வேலையோடு நாம் நின்றுவிடுவோம். கைமீறும் எரிப்புகள் மிகச் சில. ஆனால் அந்தச் சிலவற்றின் சுமை, ஒப்புதல் கேட்கப்படாத ஊர்களின் தலையில் விழுகிறது. அந்த நியூ மெக்சிகோ மக்கள் கோபப்பட்டதில் முழு நியாயம் இருக்கிறது. கூட்டு மேலாண்மை என்பது திட்டம் எழுதும் கூட்டத்தோடு முடியாமல், எந்த நாளில் தீ வைப்பது, காற்றும் ஈரமும் எந்த அளவைத் தாண்டினால் நிறுத்துவது, தவறினால் யார் எவ்வளவு விரைவில் ஈடு செய்வது என்பதுவரை ஊரோடு பேசியதாக இருக்க வேண்டும். வட கலிஃபோர்னியாவின் கரூக், யூரோக் மக்கள் தங்கள் முன்னோர் செய்த எரிப்பை மீட்டுவருவதில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது: தீ வைப்பவரும் அந்தத் தீக்குப் பக்கத்தில் குடியிருப்பவரும் அங்கே ஒரே ஊர்க்காரர். நூற்றாண்டுக்கு மேலாகக் குற்றமாகக் கருதித் தடுக்கப்பட்ட அந்த அறிவை இன்று வனத்துறை கேட்டுக் கற்கிறது. கேட்பது மட்டும் போதாது, முடிவெடுக்கும் அதிகாரத்திலும் அவர்களுக்குப் பங்கு வேண்டும்.

2022 ஜனவரியில் வனத்துறை அறிவித்த பத்தாண்டு உத்தி, வழக்கமான பணிக்கு மேலாகத் தேசிய வனங்களில் 2 கோடி ஏக்கரும் மற்ற நிலங்களில் 3 கோடி ஏக்கரும் செப்பனிட வேண்டும் என்கிறது. இத்தகைய அறிவிப்புகளைப் படிக்கும்போது, எத்தனை ஏக்கர் என்ற ஓர் எண்ணை மட்டும் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். ஏக்கர்க் கணக்கில் இலக்கு வைத்தால், சமதளத்தில் சாலையோரத்தில் எளிதாகச் செய்யக்கூடிய ஏக்கர்தான் முதலில் எண்ணப்படும். டிரை லேக் குன்றுகளைப் போன்ற, செலவு மிகுந்த, ஆனால் ஊருக்கு மேலே நிற்கும் சரிவு பின்னுக்குத் தள்ளப்படும். ஒரே ஏக்கரில் ஓராண்டு வெட்டியதும் மறு ஆண்டு எரித்ததும் இரண்டு ஏக்கராக எண்ணப்படுவதும் உண்டு. ஒரு திட்டம் உண்மையில் செலவைக் குறைக்கிறதா என்று அறிய, எந்த ஊரின் குடிநீருக்கு மேலே உள்ள எந்தச் சரிவு செப்பனிடப்பட்டது, வெட்டிய பிறகு எரிக்கப்பட்டதா, பத்தாண்டு கழித்து மறுபடி எரிக்க நிதியும் ஆட்களும் இருக்கிறார்களா, தீ வந்திருந்தால் யார் இழந்திருப்பாரோ அவர் அந்தச் செலவில் பங்கேற்றாரா என்பவற்றைக் கேட்க வேண்டும். பதினைந்து ஆண்டுக் கண்காணிப்பு என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிவைத்தது இந்தக் கேள்விகளுக்கு விடை காணத்தான். நிதி நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படும் செலவும் அந்தக் கண்காணிப்புதான் என்பதால், அதைக் காப்பதற்கு இந்தக் கூட்டுக் குழுக்கள் மரத்தின் விட்டத்துக்காக வாதிட்ட அளவுக்கே வாதிட வேண்டியிருக்கிறது.